வேண்டுதலுக்கு விடப்பட்ட நிலம்: இடைக்காலப் படைவீடும் ஐரோப்பாவும் ஜப்பானும்

ஆரணியின் பட்டுத்தறிகளைப் பற்றிக் கேள்வியுறாதார் தமிழ்நாட்டில் மிகச் சிலரே. ஆனால் அந்நகரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதியின் கரைவழியே மேற்கு நோக்கிச் சென்றால், சவ்வாது மலையடிவாரத்தில் படைவேடு என்னும் சிற்றூர் இருப்பதையும், அது ஒரு காலத்தில் ஓர் அரசின் தலைநகராய் விளங்கியதையும் அறிந்தோர் அவ்வளவு பேர் அல்லர். சோழப் பேரரசின் கீழ்ச் சிற்றரசராய்த் தொடங்கி, அப்பேரரசு தளர்ந்தபின் தனியரசராய் உயர்ந்த சம்புவராயர் இப்பகுதியை ஆண்டனர். 1360களில் விசயநகர இளவரசன் கம்பணன் அவர்களை வென்றான். அதன்பின் இந்நிலப்பரப்பு படைவீட்டு ராச்சியம் என்னும் பெயரோடு விசயநகரத்தின் ஒரு மாகாணமாயிற்று.

நம் இறையியல் கல்லூரிகளில் திருச்சபை வரலாறு பயிலும் மாணவர், ஐரோப்பிய இடைக்காலத்தைத் தேர்வுக்காகப் படித்துத் தேர்வோடு மறந்துவிடுவது வழக்கம். பிரபு, ஆயர், மடம், பண்ணையடிமை ஆகிய சொற்கள் அவர்களுக்கு வேற்று நாட்டுக் கதையாகவே தோன்றுகின்றன. இக்கட்டுரையாளனும் மாணவனாய் இருந்தபோது அவ்வாறே எண்ணினான். ஆரணி வட்டாரத்தில் குருத்தொண்டு செய்ய நேர்ந்தபோதுதான், அச்சொற்கள் குறிக்கும் செய்திகளுள் பல அங்குள்ள கோயிற் சுவர்களில் தமிழிலேயே வெட்டப்பட்டுக் கிடக்கின்றன என்பது புலனாயிற்று.

ஐரோப்பிய நிலவுடைமை அமைப்பை நம் பாடநூல்கள் நிலமானிய முறை என்றும் நிலப்பிரபுத்துவம் என்றும் வழங்கிவந்துள்ளன. முதற் சொல்லில் மறைந்து நிற்கும் மானியம் என்பது நமக்கு எதை நினைவூட்டுகிறது? போர்வீரனுக்குக் கொடுத்த நிலத்தையன்று. கோயில் மானியத்தையும் மடத்து மானியத்தையுமே. மொழிபெயர்த்தவர் அறிந்து செய்தாரோ அறியாது செய்தாரோ, அச்சொல் ஓர் உண்மையைத் தொட்டுவிட்டது. இடைக்காலச் சமுதாயத்தில் நிலம் இரு காரணங்களுக்காகக் கைமாறியது. ஒன்று வாள், மற்றொன்று வேண்டுதல். வாளுக்குக் கொடுத்த நிலத்தைப் பற்றி வரலாற்றறிஞர் மிகுதியாக எழுதியுள்ளனர். வேண்டுதலுக்குக் கொடுத்த நிலத்தைப் பற்றி, வேண்டுதலையே தொழிலாய்க் கொண்ட நாம் எண்ணிப்பார்ப்பது தகும்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு ஒன்று இதற்குத் தெளிவான சான்று. இரண்டாம் இராசாதிராச சோழன் காலம், அதாவது 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. பாண்டிய அரசுரிமைப் போரில் தலையிட்ட இலங்கைப் படை பாண்டிய நாட்டுட் புகுந்து வெற்றிமேல் வெற்றி பெற்று வந்தது. சோழரின் சிற்றரசனான எதிரிலிசோழச் சம்புவராயன் பெருங்கவலையுற்றான். அவன் தேடிச் சென்றது ஒரு படைத்தலைவனையன்று; கௌட நாட்டிலிருந்து வந்து இங்குத் தங்கியிருந்த உமாபதிதேவர் என்னும் ஞானசிவதேவரை. அச்சைவத் துறவி 28 நாட்கள் இடைவிடாது பூசை நிகழ்த்தினார். பின்னர்ப் போர்முனையிலிருந்து பல்லவராயரின் ஓலை வந்தது: இலங்கைப் படை தோற்று ஓடிவிட்டது. மனமகிழ்ந்த சம்புவராயன் ஆர்ப்பாக்கம் என்னும் ஊரையே அவருக்குக் காணிக்கையாக்கினான்.

இதனைக் குருட்டு நம்பிக்கை என்று எள்ளுவதற்கு நமக்கு உரிமை இல்லை. ஏனெனில் நம் திருச்சபையின் வரலாறும் இத்தகைய கொடைகளால் நிறைந்ததே. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியம், அப்போர்க்களத்திலேயே ஒரு மடத்தை நிறுவினான். அதன் தலைமைப் பலிபீடம் மன்னன் ஹெரால்டு வீழ்ந்த இடத்தில் அமைக்கப்பட்டதாக மரபு கூறுகிறது. சூழவிருந்த நிலம் துறவியருக்கு உரியதாயிற்று. போர்ப்பணி ஏதும் கேளாது, மன்றாட்டு ஒன்றையே ஈடாகக் கேட்டு நிலம் விடுவது ஐரோப்பிய நிலச்சட்டத்தில் தனி வகையாகவே இடம்பெற்றிருந்தது. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த லான் நகர ஆயர் அடல்பேரோ, கடவுளின் இல்லத்தார் மூவகைப்படுவர் என்றார்: மன்றாடுவோர், போரிடுவோர், உழைப்போர். இம்மூவரும் ஒருவரையொருவர் தாங்குவதாக அவர் கருதினார். தாங்கிய தோள் எவருடையது என்பதை அவரும் அறியாதவர் அல்லர். உழைப்போரின் கண்ணீருக்கு எல்லை இல்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஜப்பானிய நிகழ்ச்சி இன்னும் வியப்பிற்குரியது. 1274இலும் 1281இலும் மங்கோலியப் படைகள் கடல்வழியே அந்நாட்டின் மீது பாய்ந்தன. காமகூராவில் ஆண்ட போர்வீரர் அரசு நாடெங்குமுள்ள பௌத்த மடங்களிலும் சிந்தோ ஆலயங்களிலும் வேண்டுதல் நடத்தச் செய்தது. புயலெழுந்து பகைவரின் கப்பல்கள் சிதைந்தன. போர் முடிந்தவுடன் இரு திறத்தார் காமகூராவின் வாயிலில் நின்றனர். ஒரு திறத்தார் போர்வீரர். தகெஸாகி சுயெநாகா என்பவன் முதற் போரில் தான் செய்த வீரச்செயலுக்குப் பரிசு வேண்டித் தன் குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்குப் பொருள் தேடி, கியூஷூவிலிருந்து நெடும்பயணம் செய்து வந்தவன். மற்றொரு திறத்தார் மடங்களையும் ஆலயங்களையும் சேர்ந்தவர்கள். புயலை எழுப்பியது தங்கள் வேண்டுதலே என்றும், அதற்குரிய பரிசு தங்களுக்கே வேண்டும் என்றும் அவர்கள் வாதிட்டனர். இது காப்புப் போர் ஆதலின், வென்றவரிடம் பகிர்ந்தளிக்கப் புதிய நிலம் ஒரு சாணும் இல்லை. அம்மனக்குறை அவ்வரசின் அடித்தளத்தை அரித்தது. 1333இல் அது வீழ்ந்தது.

ஆர்ப்பாக்கம், ஹேஸ்டிங்ஸ், காமகூரா ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அறியாதவை. எனினும் மூன்றிலும் ஒரே கணக்கு காணப்படுகிறது. சமயம் வானுலக உதவியைப் பெற்றுத் தரும். அரசு அதற்கு ஊரைக் கொடுக்கும். இக்கணக்கில் ஊரார் எங்கே இருக்கின்றனர்? ஆர்ப்பாக்கத்து உழவரிடம் எவரும் கருத்துக் கேட்டதாய்த் தெரியவில்லை. நேற்றுவரை சம்புவராயனுக்குச் சேர்ந்த கடமை நாளைமுதல் துறவிக்குச் சேர வேண்டும் என்பதே அவர்களுக்கு அறிவிக்கப்பட்ட செய்தி.

சமயம் நிலத்தை வாங்கியதோடு நிற்கவில்லை. தலைவர்களுக்கிடையே எழுந்த உறவுகளுக்கும் அதுவே சாட்சியாயிற்று. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சோழராட்சி தளரத் தொடங்கியபோது, அவனுக்குட்பட்ட சிற்றரசர் தமக்குள் உடன்படிக்கைகள் செய்துகொண்டனர். செங்கேணி அம்மையப்பன் அத்திமல்லனான விக்கிரமசோழச் சம்புவராயனும், கரிகாலசோழ ஆடையூர் நாடாள்வானும், தகடூர் விடுகாதழகிய பெருமாளும் ஒருவருக்கொருவர் பகைமை கொள்வதில்லை என உறுதி கூறியதைச் செங்கம் கோயிற் கல்வெட்டு காட்டுகிறது. ஐரோப்பிய வீரன் தன் இரு கைகளையும் கூப்பித் தலைவன் கைகளுக்குள் வைத்து, நற்செய்தி நூலின்மீதோ புனிதர்தம் எலும்பின்மீதோ ஆணையிட்டான். ஜப்பானிய வீரனோ, குமானோ ஆலயத்தில் காக்கை வடிவங்கள் அச்சிட்டு வழங்கப்பட்ட தாளின் பின்புறத்தில் தன் உறுதிமொழியை எழுதினான். சில வேளைகளில் அதனை எரித்துச் சாம்பலை நீரிற் கரைத்துக் குடித்தான். தமிழ்ச் சிற்றரசர் கோயிற் சுவரில் கல்லில் வெட்டினர். மனிதன் சொல் தனியே நிற்கமாட்டாது, இறைவன் சாட்சியாக வேண்டும் என்பதில் மூவருக்கும் ஐயமில்லை. ஆணையை மீறுவதிலும் மூவரும் தயங்கியதாகத் தெரியவில்லை!

இவ்வொற்றுமைகளைக் கண்டு, தமிழகத்திலும் ஐரோப்பாவைப் போன்றதொரு நிலமானிய முறை இருந்தது என உடனே முடிவு கட்டிவிடலாமா? பிரெஞ்சு அறிஞர் மார்க் பிளாக், நாட்சியரால் 1944இல் சுட்டுக்கொல்லப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்குமுன் வெளியிட்ட பெருநூலில், இவ்வமைப்பு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று, ஜப்பானும் இத்தகையதொரு நிலையைக் கடந்தது என்றார். இந்தியாவுக்கு அதனைப் பொருத்திக் காட்டியவர் கோசாம்பியும், 1965இல் தம் நூலை வெளியிட்ட ஆர். எஸ். சர்மாவும் ஆவர். இந்திய உழவன் ஐரோப்பியப் பண்ணையடிமையைப் போன்றவன் அல்லன் என்று ஹர்பன்ஸ் முகியா மறுத்தார். சோழ அரசோ நடுவண் ஆட்சி வலுவற்ற கூறாக்க அரசு என்பது 1980இல் பர்ட்டன் ஸ்டைன் கூறிய கருத்து. தமிழ்க் கல்வெட்டுகளைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, தமிழறிஞர் எ. சுப்பராயலுவுடன் இணைந்து ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை எண்ணிக் கணித்து ஆராய்ந்தார். விசயநகரக் காலத்து நாயக்கர் ஆட்சியிலேயே அத்தகைய இயல்புகள் தெளிவாய்த் தோன்றுகின்றன என்பது அவர் முடிவு. தம் நாட்டின் இடைக்காலத்தை நன்கு அறிந்த ஒருவர் நம் நாட்டின் கல்லைப் படித்துக் கூறியது ஆதலின், எமக்கு இக்கருத்தே ஏற்புடையதாகப் படுகிறது. ஆரணியைப் பொறுத்தவரை வாளுக்கு நிலம் விடும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 17ஆம் நூற்றாண்டில் மராட்டியரான வேதாஜி பாஸ்கர பந்த் பெற்ற ஆரணி ஜாகீர், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டக் காலம்வரை அவர் மரபினரிடம் இருந்தது.

இனி உழைப்போரை நோக்குவோம். ஆரணியைப் பற்றிப் பேசும்போது நெசவாளரை விட்டுவிடலாகாது. இப்பகுதியில் இன்று செங்குந்தர் எனப்படும் கைக்கோளர், சோழர் காலத்தில் நெய்தலோடு போர்த்தொழிலும் அறிந்திருந்தனர்; தெரிஞ்ச கைக்கோளப் படைகளைக் கல்வெட்டுகள் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. கோயிலைச் சூழ்ந்த திருமடைவிளாகத் தெருக்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் தறிக்கு விதிக்கப்பட்ட இறை பல ஊர்களிற் கோயிலுக்கே சேர்ந்தது. நெசவாளன் போர்க்களம் புகுந்த மற்றொரு நாடு பிளாண்டர்ஸ். 1302ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் கோர்ட்ரைக் நகருக்கு வெளியே, நெசவாளரும் பிற கைத்தொழிலாளரும் மிகுந்திருந்த காலாட்படை பிரெஞ்சு மன்னனின் குதிரைவீரரை முறியடித்தது. வீழ்ந்த வீரரின் பொன் குதிமுட்களைத் திரட்டி அவ்வூர் மாதா கோயிலின் கூரையில் தொங்கவிட்டனர். கியோத்தோ நகரின் பட்டுநெசவுப் பகுதியாகிய நிஷிஜின்னும் போரினாலேயே தன் பெயரைப் பெற்றது. மேற்குப் பாசறை என்பது அச்சொல்லின் பொருள். 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் ஒரு தரப்பார் பாசறை அமைத்திருந்த அவ்விடத்திற்கு, போர் ஓய்ந்தபின் நெசவாளர் திரும்பிவந்து தறி பூட்டினர்.

கைக்கோளர் கேட்டது வரிச்சலுகை மட்டுமன்று. நன்மை தீமைகளில் தண்டிகையும் சங்கும் பெறும் உரிமையை விசயநகரக் காலத்தில் அவர்கள் வேண்டிப் பெற்றனர். காஞ்சிபுரத்துக் கைக்கோளர் பெற்றிருந்த அச்சிறப்பைக் காட்டிப் பிற ஊர்க் கைக்கோளரும் கோரினர். பல்லக்கிற் செல்வதும் சங்கு ஊதப்பெறுவதும் வயிற்றை நிரப்பா. எனினும் பணம் வந்தபின் மனிதன் முதலிற் கேட்பது மதிப்பையே என்பதையும், அம்மதிப்பை வழங்கும் இடம் கோயிலாகவே இருந்தது என்பதையும் இது காட்டுகிறது.

அம்மதிப்பு எட்டாத ஒரு கூட்டமும் இருந்தது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள், ஊர்களில் இறை நீக்கப்பட்ட இடங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என எழுதிச் செல்கின்றன. ஐரோப்பியப் பண்ணையடிமையோடு நம் நாட்டவரை ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது. அப்பண்ணையடிமை பிரபுவின் இசைவின்றிக் குருப்பட்டம் பெற இயலாது என்பது உண்மையே. ஆனால் இசைவு கிடைத்தால் பெறலாம். நகருக்கு ஓடி ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாதிருந்தால் பல நகரங்களில் விடுதலையும் அடையலாம். தீண்டாச்சேரியிலிருந்து ஓடிச் சேரத்தக்க நகரம் எங்கே இருந்தது? ஜப்பானில் ஆற்றங்கரை மக்கள் எனப்பட்டு ஒதுக்கப்பட்டோரின் நிலை இதற்குச் சற்று அண்மையானது. அவர்களுள் ஒருவரான ஸென்அமி ஆளுநர் யோஷிமஸாவுக்காகத் தோட்டங்கள் அமைத்துப் பெரும்புகழ் பெற்றார். ஆயினும் அவர் மரபினர் ஒதுக்கப்பட்டோராகவே இருந்தனர்.

உழைப்போர் பேசத் தொடங்கிய காலத்திற்கு இப்போது வருவோம். 1425இல் படைவீட்டு ராச்சியத்துப் பிராமணர், கன்னடியரும் தமிழரும் தெலுங்கரும் இலாடருமாக ஒன்றுகூடி, இனிப் பெண்ணுக்குப் பொன் வாங்காது கன்னிகாதானமாகவே மணம் முடிப்பது என ஒப்பந்தம் செய்து, அதனை வேலூருக்கு அருகிலுள்ள விரிஞ்சிபுரம் கோயிற் சுவரில் வெட்டுவித்தனர். மீறுவோர் அரச தண்டனைக்கும் குலநீக்கத்திற்கும் உரியவர். இதுகாறும் சுவர் மேலோருடையது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1429இல், தெற்கே விருத்தாசலத்திலும் காவிரிப் பகுதியில் கொருக்கை, ஆடுதுறை முதலிய ஊர்களிலும் வேறொரு குரல் கோயிற் சுவரில் ஏறியது. வலங்கைத் தொண்ணூற்றெட்டும் இடங்கைத் தொண்ணூற்றெட்டுமாகிய சாதியார், தங்களுக்குள் இருந்த தீராப் பகையையும் மறந்து ஒன்றுகூடினர். அரசாங்க அலுவலரும், நிலக்காணி உடைய பிராமணரும் வெள்ளாளரும் சேர்ந்துகொண்டு தங்களை வரியால் நசுக்குகின்றனர் என்றனர். இன்ன பயிருக்கு இன்ன அளவே செலுத்துவோம் எனத் தாங்களே வரையறுத்தனர். அலுவலரோடு சேர்ந்துகொள்ளும் காணியாளருக்குப் புகலிடம் தருவதில்லை, அவர்களுக்குக் கணக்கு எழுதுவதில்லை என உறுதிபூண்டனர். மீறுவோருக்குக் கொலைத்தண்டனை விதித்தனர். இரண்டாம் தேவராயன் ஆண்ட காலம் அது. வரியின் பெரும்பகுதியைப் பெற்றுவந்த கோயிலின் சுவரிலேயே வரிமறுப்பு எழுதப்பட்டது என்பதை நாம் நின்று நோக்க வேண்டும். அச்சுவர் இறைவனுடையது, ஆகவே தங்களுக்கும் உரியது என்று அவர்கள் எண்ணினர் போலும்.

இதற்கு ஓராண்டு முன், 1428இல், ஜப்பானில் வண்டிக்காரரும் குதிரைச்சுமையாளரும் எழுப்பிய கிளர்ச்சி நாரா நாடுவரை பரவியது. கடன் கொடுத்தவருள் மடங்களும் இருந்தன. கொஃபுகுஜி மடத்தின் ஏட்டுக் குறிப்பு, ஜப்பான் தோன்றிய நாள்முதல் மண்ணின் மக்கள் கிளர்ந்தெழுந்தது இதுவே முதன்முறை எனத் திகைப்போடு பதிவுசெய்கிறது. நாராவுக்கு அருகே யாக்யூ என்னும் இடத்தில், அம்மை நோய் தீர்ப்பவராக வணங்கப்படும் ஜிஸோ போதிசத்துவரின் உருவம் ஒரு பெரும்பாறையில் 1319இல் செதுக்கப்பட்டிருந்தது. அதே பாறையில் அவ்வூரார், தங்கள் நான்கு ஊர்களிலும் அவ்வாண்டுக்கு முற்பட்ட கடன் ஏதும் இல்லை என ஓரிரு வரிகளை வெட்டினர். விருத்தாசலத்தாரும் யாக்யூவாரும் ஒருவரையொருவர் கனவிலும் அறியார்.

இங்கிலாந்து வேறு வழியை மேற்கொண்டது. 1381இல் கிளர்ந்தெழுந்த மக்கள் கல்லில் எழுதவில்லை, ஏடுகளை எரித்தனர். கேன்டர்பரிப் பேராயர் சைமன் சட்பரியின் தலை வெட்டப்பட்டது. புனித ஆல்பன் மடத்தில் நிகழ்ந்தது நம் கருத்திற்குரியது. வீட்டில் கை எந்திரத்தில் தானியம் அரைப்பதை அம்மடம் தடுத்து, கூலி கொடுத்து மடத்து ஆலையிலேயே அரைக்க வேண்டும் என வற்புறுத்தியது. வானியல் கடிகாரம் அமைத்துப் புகழ்பெற்ற மடாதிபதி ரிச்சர்ட், ஊராரின் எந்திரக் கற்களைப் பறித்துத் தம் கூடத்தின் தளத்தில் பதித்துவிட்டார். அரை நூற்றாண்டு கழித்து மக்கள் உட்புகுந்து அக்கற்களைப் பெயர்த்தெடுத்து உடைத்து, ஞாயிறு தோறும் கோயிலில் மந்திரித்த அப்பத்தைப் பகிர்வதுபோல் ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டனர். இதனை எழுதியவர் அவர்களைச் சிறிதும் விரும்பாத, அம்மடத்தைச் சேர்ந்த துறவி தாமஸ் வால்சிங்கம். அக்கிளர்ச்சியில் மக்களுக்குப் போதித்த குரு ஜான் பால், ஜூலை 15ஆம் நாள் அதே ஊரில் தூக்கிலிடப்பட்டார்.

இங்கே ஒரு செய்தியை நம்மவர் மனம் வருந்தியேனும் ஏற்க வேண்டும். ஜப்பானில் தூய நாட்டுப் பௌத்தத்தைப் பரப்பிய ரென்னியோ, அமிதாவின் அருளை நம்புவோர் அனைவரும் சமம் என எளிய மடல்களால் உழவருக்குப் போதித்தார். அவரைப் பின்பற்றியோர் 1488இல் காகா மாநிலத்து ஆளுநனை வீழ்த்தி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அதனைத் தாங்களே ஆண்டனர். ரென்னியோவோ, ஆளுநரையும் நில அலுவலரையும் இகழலாகாது, வரியைச் செலுத்துக என்று அவர்களைக் கடிந்தார். 1525இல் மெம்மிங்கன் நகரில் ஜெர்மானிய உழவர் பன்னிரண்டு கோரிக்கைகளை வெளியிட்டு, கிறிஸ்து தம் இரத்தத்தால் அனைவரையும் மீட்டிருக்க நாங்கள் அடிமைகளாய் இருப்பது எப்படி என வினவினர். லூத்தர் முதலில் இரு தரப்பாரையும் கண்டித்தார். பின்னர் உழவரை இரக்கமின்றி அழிக்குமாறு பிரபுக்களைத் தூண்டி எழுதினார். அருளைக் கேட்டவர் விடுதலையையும் கேட்பார் என்பதை அவ்விரு ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை. லூத்தரின் இறையியலைப் போற்றுவோர் அவருடைய அந்தச் சிறுநூலையும் படித்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

1429இன் சுவரிலும் தீண்டாச்சேரியின் நிலக்கோரிக்கை தனியே எழுதப்படவில்லை. அது ஏட்டில் ஏறியது மிகப் பிந்தியே. ஆரணியைத் தன் பணித்தளங்களுள் ஒன்றாகக் கொண்ட ஆற்காட்டு மிஷன் 1853இல் தொடங்கிற்று. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப்பின், பக்கத்திலுள்ள செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனெரிகள் நிலமற்ற ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வேண்டும் என முறையிட்டனர். ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அவர்கள் நிலைபற்றி அறிக்கை எழுதினார். 1892இல் சென்னை அரசின் ஆணை பிறந்தது. பிறருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனையோடு நிலம் வழங்கப்பட்டது. வேண்டுதலுக்கு ஈடாக நிலம் வாங்கிய சமயம், நிலமில்லாருக்காக அதனை வேண்டிக்கொண்ட நிகழ்ச்சி அது. பஞ்சமி நிலம் எனப்படும் அவற்றிற் பெரும்பகுதி நாளடைவில் பிறர் கைக்கு மாறிற்று. அதனை மீட்கக் கோரிச் செங்கல்பட்டில் 1994 அக்டோபரில் நடந்த போராட்டத்தில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர்.